நடுவில் உறையாத ஐஸ்

ஹலோ... ஹலோ... ஆமா, கிள்ளான்தான். ஐஸ் ஃபேக்டரி. எஞ்சின் டிரைவர் நாகையா பேசறேன்... ஓ, கோலாலம்பூர் ஆபீஸ் பெரிய கிராணியாரா. வணக்கங்க... சரி, வணக்கம் வேண்டாம். சொல்லுங்க.

ஆமா... ஆமா, தெரியும்... நம்ம ஐஸ் வாங்கற மீன் முதலாளி, அந்தத் தவுக்கே, உங்களுக்கும் போன் போட்டுட்டாரா. இங்க காலையில ஆளே அனுப்பி ஏசிட்டுப் போனாரு... ஆமா, முந்தாநாள் போன கட்டிதான். வெளியில பார்த்தா கண்ணாடி மாதிரி இருக்கும். உடைச்சா நடுவுல வெறும் தண்ணி. லோரி போர்ட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி ஒழுகிடும்... இல்லங்க, நேத்துப் போனது நல்ல கட்டி. அதுதான் எனக்கும் புரியல. ஒரு நாள் கெட்டி, மறுநாள் தண்ணி. மறுபடி கெட்டி, மறுபடி தண்ணி...

தூங்கறேனா?... நான் தூங்கல, கிராணியாரே. எஞ்சினையே பிரிச்சுப் போட்டுப் பார்த்துட்டேன். வால்வு பார்த்தேன், பெல்ட்டு பார்த்தேன். அமோனியாக் குழாய்ல கசிவு இருக்கான்னு மூட்டு மூட்டா மோந்து பார்த்து மூக்கு எரிஞ்சதுதான் மிச்சம். கோளாறு இருந்தா தினமும் இருக்கணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கெட்டுப்போற எஞ்சினை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல...

நான் சொல்றதைக் கேளுங்க. ஐஸ் எப்படி உறையுதுன்னு... பாடம் இல்லங்க, கேட்டாத்தான் புரியும். தகர டப்பாவுல நல்ல தண்ணி ஊத்தறோம். டப்பாவைச் சுத்தி உப்புத் தண்ணி. அந்த உப்புத் தண்ணியைக் குளிர வைக்கறது எஞ்சின். டப்பாவுல ஓரம்தான் முதல்ல உறையும், நடு கடைசியில. மத்தியானத்துக்கு மேல ஸ்டீம் குறைஞ்சுதுன்னா எஞ்சின் இழுக்காது. எஞ்சின் இழுக்கலைன்னா உப்புத் தண்ணி சூடேறும். நடு அப்படியே தண்ணியா நின்னுடும். அதுவரைக்கும் தெரியுது. ஸ்டீம் ஏன் குறையுது, அதுதான் தெரியல... இன்னிக்கும் குறையுதுங்க. இங்க ஜன்னல் வழியா ஸ்டீம் மீட்டர் ஊசி தெரியுது. இறங்கிக்கிட்டே இருக்கு.

யாரு, நெருப்புப் போடறவனா? ரெங்கசாமி சோம்பேறி இல்லங்க. கட்டை கட்டையாப் போட்டுக்கிட்டேதான் இருக்கான்... என்ன சொன்னீங்க?... இருங்க, அதை இன்னொரு தரம் சொல்லுங்க... உங்க கணக்குப்படி ஐஸ் கெட்ட நாள்லதான் பாக்காவ் மர விறகு ஜாஸ்தி எரியுதா?... இல்லங்க, யாரும் திருடல. எரிஞ்ச சாம்பல் அத்தனையும் இங்கதான் கிடக்கு, சாம்பலை யாரு திருடுவா... கத்தாதீங்க. நீங்க நல்ல விஷயம் சொல்லிட்டீங்க, அது உங்களுக்கே தெரியல. விறகு ஜாஸ்தி, ஸ்டீம் கம்மி. அப்போ சூடு எங்கயோ வீணாப் போகுது. எஞ்சின்ல இல்ல. அடுப்புல.

வெச்சிடாதீங்க. எட்டிப் பார்த்துட்டு வரேன்.

...ஹலோ. கிடைச்சிடுச்சு. அடுப்புக் கதவு திறந்து கிடக்கு... தப்புதாங்க. கட்டை போடறப்போ மட்டும்தான் திறக்கணும், போட்டதும் சாத்தணும். திறந்தே கிடந்தா வெளிக்காத்து உள்ள பூந்து பாய்லர் குழாயை எல்லாம் ஆற வெச்சிடும். நெருப்பு நல்லா எரியும், ஸ்டீம் வராது... அந்தக் கதவு முன்னால ரெங்கசாமி நிக்கிறான். சாக்கு போர்த்திட்டு... சாக்குங்க, கோணிச் சாக்கு. இந்த வெயில்ல, அடுப்பு வாயில நின்னுக்கிட்டு, பல்லு கிட்டிப்போய் நடுங்கறான்.

ரெங்கசாமி. டேய், இங்க பாரு. கதவைச் சாத்திட்டு வெளிய வா... சாத்துடா முதல்ல. மூசா, எண்ணெய் விட்டது போதும், போய் அடுப்பைப் பாரு. அவனை பெஞ்சுல படுக்க வை.

முறைக்காய்ச்சல்ங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர்ற காய்ச்சல். மத்தியானம் குளிர் தூக்கிப் போடுது, கதவைத் திறந்து வெச்சுக் குளிர் காயறான். மறுநாள் அவனும் நல்லா இருக்கான், ஐஸும் நல்லா இருக்கு. காய்ச்சல் மனுஷனுக்கு, நான் எஞ்சினைப் பிரிச்சிட்டிருந்தேன்...

என்னது... ரெங்கசாமி பேரை வெட்டறதா?... எதுக்கு?... ஏன் சொல்லலைன்னு கேக்கறீங்க. போன வருஷம் பாலன் சொன்னானே, மறந்துட்டீங்களா? காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுல படுத்தான். படுத்த நாளுக்குக் கூலி கிடையாதுன்னீங்க. எழுந்து வந்தப்போ அவன் இடத்துல வேற ஆள் நின்னுச்சு. அந்த வேற ஆள்தான் இந்த ரெங்கசாமி. அவன் எப்படிங்க வாயைத் திறப்பான்?

தெரியும்... தெரியும்... நாள் கூலிக்குச் சீக்கு லீவு கிடையாது, மாசச் சம்பளத்துக்குத்தான் உண்டு. போன மாசம் உங்களுக்குப் பல்லு வலி. பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுல கன்னத்துல துணியைக் கட்டிட்டுப் படுத்திருந்தீங்க. சம்பளம் முழுசா வந்துச்சு. தொரை வீட்டுலேருந்து ஆரஞ்சு வேற வந்துச்சாம்... பொய்ப் பல்லு வலின்னு நான் சொல்லலியே. உங்க பல்லுக்கு இருக்கற மரியாதை இவன் உடம்புக்கு இல்லையான்னு கேக்கறேன்... மரியாதை குறையல. நீங்கன்னுதானே பேசறேன்.

வேற ஆள் எடுக்கறீங்களா? எடுங்களேன். எஸ்டேட்டுல ஆள் குறைச்சதுலேருந்து நம்ம கேட்டு முன்னால தினமும் கூட்டம் நிக்குது, யாரை வேணும்னாலும் எடுங்க. அவனும் நாள் கூலிதான். இந்தச் சதுப்புல அவனையும் கொசு கடிக்கும். அவனும் சொல்ல மாட்டான், அவனும் கதவைத் திறப்பான். தவுக்கே மறுபடியும் உங்களுக்குத்தான் போன் போடுவாரு.

மிஸ்... எக்ஸ்சேஞ்ச் மிஸ், லைனைக் கட் பண்ணிடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம்... கோலாலம்பூர்க் கணக்குல போடுங்க. அவர்தான் கூப்பிட்டாரு.

இருக்கீங்களா... முடியவே முடியாதா? சரி. அப்போ நாளன்னிக்கு எனக்கு உடம்பு சரியில்ல... ஆமாங்க, நாளன்னிக்கு வரப்போறது இன்னிக்கே தெரியுது. இவனுக்கு என்னிக்குக் குளிர் வருதோ அன்னிக்கெல்லாம் எனக்கும் வரும். நான் மாசச் சம்பளம். எனக்கு லீவும் உண்டு, சம்பளமும் உண்டு. சர்ட்டிபிகேட் இருக்கற டிரைவர் இல்லாம பாய்லர்ல நெருப்பு வைக்கக் கூடாது, அது உங்களுக்கே தெரியும்... வேற டிரைவர் இருந்தா தாராளமா அனுப்புங்க... மிரட்டலைங்க. உங்க சட்டத்தைத்தான் உங்களுக்குச் சொல்றேன்... போங்க, தொரைகிட்டயே கேட்டுட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்.

மூசா, ஊசி என்ன சொல்லுது?... ஏறுதா? நல்லது. கதவுல கையை வைக்காதே... ரெங்கசாமி, நீ ஏன் எழுந்திருக்கே? படு... பேரை வெட்டல. வெட்ட விட மாட்டேன். படுடா.

ஹலோ... சொல்லுங்க... பாதிக் கூலியா?... வேண்டாங்க. பாதிக் கூலின்னா மீதிப் பாதிக்காக நடுங்கிக்கிட்டே வந்து நிப்பான், கதவும் திறந்தேதான் கிடக்கும். முழுக் கூலி... தொரைகிட்ட இப்படிச் சொல்லுங்க, அந்த ஒரு மத்தியானம் வீணாப் போற விறகைவிட அவன் கூலி கம்மி... சொல்லுங்க, இருக்கேன்... ம்... ம்... தொரை முழுக் கூலிக்கு ஒத்துக்கிட்டாரா? அடுப்பு ஆளுங்களுக்கு மட்டும்தானா? மத்தவங்களுக்கு?... அப்புறம் பார்க்கலாமா. சரி, அப்புறம் நானும் மறக்காம கேப்பேன்.

என்மேல கோவம் இருக்கட்டும், அதைப் பத்திப் பரவாயில்ல. நான் ஒரு தரம் சொல்றேன், நீங்க சரின்னு சொல்லுங்க. லைன்ல இருக்கற மிஸ்ஸும் கேட்டுக்கட்டும்... இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க... ஆங், கேட்டுச்சு.

காய்ச்சல் நாள்ல ரெங்கசாமி வீட்டுல படுத்திருப்பான். கூலி முழுசா உண்டு, இடமும் அவனோடதுதான். காய்ச்சலுக்குக் கொய்னா மருந்தைக் கம்பெனி வாங்கிக் குடுக்கணும். அன்னிக்கு அடுப்பு மூசாவுக்கு, எண்ணெய் விடறதை நான் பார்த்துக்கறேன். கட்டை போட்டதும் கதவு சாத்தியிருக்கும், ஐஸ் நடு வரைக்கும் உறையும். வெச்சிடறேன்.