மேசையின் உயரம்

"உயரம் சரியா இருக்கா, பாரு" என்று அவன் கேட்டான். "சரியாத்தாங்க இருக்கு" என்று அவள் சொன்னாள். பதினோரு வருடத்துக்கு முன்னால், சலவைக் கடை திறப்பதற்கு முதல் நாள் நடந்த பேச்சு அது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓய்வில்லாமல் புருஷன் தன் கையாலேயே இழைத்துச் செய்த இஸ்திரி மேசை. ஓங்குதாங்கான ஆள், தன் இடுப்புக்கு அளவெடுத்திருந்தான். அவளுக்கு அது நெஞ்சுக்கு வந்தது. வியர்வை வடியச் சிரித்துக்கொண்டு நின்றவனிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

இப்போது அவளுடைய வலது முழங்கையில் வலிக்குப் போட்ட பட்டை. மூன்றாவது நாளாகக் கடைக்குப் போகவில்லை. போன் அடித்தது. கடையிலிருந்து புருஷன்தான். இடது கையால் எடுத்தாள்.

"ஹலோ... ம், சொல்லுங்க... வரமாட்டேன்னு காலையிலேயே சொல்லிட்டேனே... ஆமா. ஆமாங்க, ஓட்டல் விரிப்பு எண்பதும் சாயங்காலம் போகணும், தெரியும்... அதுக்கு?... நடிக்கிறேனா? ஒரு டம்ளர் தண்ணியை இந்தக் கையால தூக்க முடியல. இதுல நடிப்பு வேற..."

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"கத்தாதீங்க... தைலமெல்லாம் போட்டாச்சு. வலி குறைஞ்சதும் ஓடிப்போய்த் தேய்ச்சா மறுபடி வரும்னு அந்த பிசியோதெரபி பொண்ணு சொல்லுது... ஆமா, சின்னப் பொண்ணுதான். படிச்சிருக்கில்ல?... அரை மணிக்கொருதரம் இஸ்திரிப் பெட்டியை வச்சிட்டுக் கையை நீட்டி மடக்கணுமாம். பிடியை இறுக்கக் கூடாதாம்... எப்பங்க வைக்கிறது? ரெண்டு நிமிஷம் நின்னா, 'போட்டோவுக்கா நிக்கறே'ன்னு கேட்டது யாரு?... நீங்க மறந்திருப்பீங்க."

அந்தப் பெண் நேற்று, தேய்ப்பதுபோல நின்று காட்டச் சொல்லியிருந்தாள். பழக்கதோஷத்தில் இவள் தோளைத் தூக்கி, முழங்கையை அகட்டி நின்றாள். "மேசை யாருக்குச் செஞ்சதுக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண். இவள் பட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

"...சரி, வேற ஆள் போடுங்க. தாராளமா போடுங்க. ஆறு மாசத்துல அவளுக்கும் ஒரு பட்டை வாங்கிக் குடுங்க... என்ன?... காலையிலேருந்து நீங்களேவா?... நாப்பது விரிப்பா... கை கொஞ்சம்கூட வலிக்கலையா..."

போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தாள்.

"உங்களுக்கு எப்படிங்க வலிக்கும்?... இல்ல, நிறுத்துங்க. இப்ப நான் பேசறேன். பெட்டியைக் கீழ வைங்க... வச்சீங்களா? முழங்கையை மடக்கிப் பாருங்க. மேசை எங்க இருக்கு?... ம். அதுக்குக் கீழதான். எனக்கு அது நெஞ்சுல இடிக்குது... இன்னிக்கு நேத்து இல்ல, முதல் நாள்லேருந்து... ஆமா, சரியா இருக்குன்னு சொன்னேன். பொய்தான் சொன்னேன்... ஏன்னா? நீங்க நின்ன நிலைமையைப் பாத்துட்டு வேற என்ன சொல்ல?... குனிய வேண்டி வந்தா குனிங்க, தினமும் தேய்க்கறது நான்தானே. ரம்பத்தை எடுங்க. அந்த நாலு காலையும் ஒரு சாண் அறுத்துட்டுக் கூப்பிடுங்க. வர்றேன்."