கழுவி வைத்த வாய்க்கூடை

எனக்கு அழுக்குப் பாத்திரம் ஆகாது, டாக்டர். எதை எடுத்தாலும் கழுவித் துடைத்துத்தான் திரும்ப வைப்பேன். அந்தப் பழக்கம் என்னை உங்கள் மருந்து வாடை அறையில் கொண்டுவந்து உட்கார வைக்கும் என்று யார் கண்டார்கள்.

எங்கள் வீட்டுக்கும் என் கொழுந்தனார் வீட்டுக்கும் பின்னால் ஒரே மேய்ச்சல் வெளி. என் குதிரை ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியது. நாளெல்லாம் மேய்ந்தாலும் விலா எலும்பு தெரியும். தன் நிழலைக் கண்டாலே மிரளும். உருண்டை என்று பெயர் வைத்த என் ஓரகத்தியின் மட்டக்குதிரைக்கோ காற்றைக் குடித்தாலும் சதை போடும். என் குதிரையின் தோளுக்குக்கூட எட்டாது, ஆனால் அதிகாரம் கொடிகட்டிப் பறக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு அது வந்தால் என்னுடையது ஒதுங்கிவிடும். குடித்து முடித்தபிறகும் உருண்டை அங்கேயே நிற்கும். வளர்த்தவளின் குணம் வராமல் போகுமா.

போன மழைக்காலத்தில் உருண்டைக்குக் குளம்பு நோய் கண்டது. தழைத்த பச்சைப் புல் இதற்கு விஷம், இன்னொரு தடவை வந்தால் பிழைக்காது என்று நீங்கள்தான் விளக்கினீர்கள். தனியாக அடைக்கலாமென்றால், துணையில்லாமல் என் குதிரை வேலியோரம் ஓடி ஓடியே உருகிவிடும். அதனால் இரண்டும் சேர்ந்தே மேயட்டும், உருண்டைக்கு மட்டும் வாய்க்கூடை என்று தீர்ப்புச் சொன்னீர்கள். கூடையின் அடியில் உள்ள துளை வழியாக நாலைந்து புல் நுனி கிடைக்கும், அவ்வளவுதான்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஓரகத்தி அதைக் கட்டிவிட்டுப் போவாள். முதல் நாளே என்னிடம் சொன்னாள்: "அக்கா, பாவமா இருக்குன்னு கழட்டிடாதீங்க. உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார். சிரித்தார்.

அதற்காகவா என்று கேட்பீர்கள். சேச்சே, நான் அவ்வளவு அற்பமானவள் இல்லை. எனக்கு இரக்கம் வந்தது. வாயில்லாத ஜீவனுக்கு இருக்கிற வாயையும் கட்டினால் யாருக்குத்தான் மனசு கேட்கும்.

அவள் ஸ்கூட்டர் தெரு முனை திரும்பியதும் கூடையைக் கழற்றுவேன். கொட்டகைக்குப் பின்னால் மழையில் செழித்த புல் முழங்கால் உயரம் நின்றது. அங்கே அழைத்துப் போவேன். கூடையைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைப்பேன். ஸ்கூட்டர் திரும்புவதற்குள் கட்டிவிடுவேன். போகப்போக என்னைக் கண்டாலே உருண்டை ஓடிவந்து தோளில் தலையைச் சாய்த்தது. அதிகாரமெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

மாலையில் அவள் அதன் கழுத்துச் சதையைத் தடவிப் பார்த்துப் பயந்துபோய், வைக்கோலைக் குறைப்பாள். "பட்டினி போட்டே கொன்னுடுவ போல," என்பேன். என் கணவர் இப்போது அவளைப் பார்த்துச் சிரிப்பார்.

ஒரு நாள் அது முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு, பின்னுக்குச் சாய்ந்து நின்றது. ஓர் அடி வைக்க முடியவில்லை. குளம்பு நோய் திரும்பியிருந்தது. அன்று என் குதிரை நிதானமாகத் தண்ணீர் குடித்தது.

கடைசி ஊசியை நீங்கள்தான் போட்டீர்கள். ஓரகத்தி என் மடியில் விழுந்து அழுதாள். "கூடை வாரை இறுக்கிக் கட்டியிருக்கணும் அக்கா. வலிக்குமேன்னு தளர்த்தி விட்டேன். நான்தான் கொன்னுட்டேன்."

"தெரிஞ்சா செஞ்ச? விடும்மா," என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் என் கையைப் பிடித்தது அன்றுதான். எனக்கு நிறைவாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து நீங்கள் ஆணியில் தொங்கிய கூடையை எடுத்தீர்கள். உள்ளே விரலைவிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டீர்கள்: "நாளெல்லாம் வாயில கிடந்த கூடை. ஒரு புல்லுகூட ஒட்டலையே?"

அழுக்கோடு மாட்டியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். நீங்கள் சொன்னதை இப்போதும் சொல்லுக்குச் சொல் ஒப்பிப்பேன். எனக்குப் புரியாது என்றாள் அல்லவா, நன்றாகவே புரிந்தது. புரிந்ததால்தான் புல்லுக்கு அழைத்துப் போனேன்.

அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர். பாவம், ஏற்கெனவே ஒடிந்துபோயிருக்கிறாள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?