இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டிய மீன்

ஒரு நிமிஷம் பொறுங்கள் சார், தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வருகிறேன். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மீன் தாங்காது.

நான் கஸ்தூரிரங்கன். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். மனைவி பங்கஜம் போனபிறகு இந்த மயிலாப்பூர் வீட்டில் பேசுவதற்கு ரேடியோ மட்டும்தான் இருந்தது. மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பரத்வாஜ் ஒரு மாலை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு கதவைத் தட்டினான். வாஸ்துவுக்காக வாங்கிய தொட்டி மீன்களோடு எப்படியோ கலந்து வந்த ஒன்று, மண் நிறம், தடித்த உதடு, கண்ணாடியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது.

"இது என்ன மீன் மாமா?"

பார்த்ததுமே தெரிந்தது. உளுவை. வயிற்றுத் துடுப்பு இரண்டும் சேர்ந்து கிண்ணம்போல ஒட்டும். மீன் சமைக்கிற வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பரத்வாஜ் வீட்டில் மீன் வாசனையே ஆகாது. "இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும், இங்கேயே இருக்கட்டும்" என்றேன். மறுநாளும் வந்தான். அப்புறம் தினமும். பூதக்கண்ணாடியைக் கைமாற்றிக்கொண்டு பார்ப்போம். காபி நான் போடுவேன். "மெட்ராஸையே சென்னை ஆக்கிட்டா, ஒரு மீனுக்குப் பேர் கிடைக்கலையா மாமா?" என்று கிண்டல் செய்வான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மழைக்காலம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன்.

போன வாரம் சிரித்துக்கொண்டே வந்தான். "சைதாப்பேட்டை மார்க்கெட் வழியா வந்துண்டிருந்தேன் மாமா. இதே மீன், கூடை கூடையா. உளுவையாம். உங்களுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும், இல்லையா?" நான் பூதக்கண்ணாடியைத் துடைத்தேன். "பரவாயில்லை மாமா. தனியா இருக்கேள், புரியறது. நான் வந்துண்டுதான் இருப்பேன்." காபி டம்ளரை அன்று அவனே கழுவி வைத்துவிட்டுப் போனான்.

அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உளுவையில் பல வகை உண்டு, இதற்கு ஜோடி கிடைத்தால் எது என்று சொல்லிவிடலாம் என்று அடையாறு முகத்துவாரத்துக்கு அழைத்துப்போனேன். ஒப்பிட்டுப் பார்க்க இந்த மீனையும் பாட்டிலில் எடுத்துக்கொண்டேன். மாணவர்களோடு பலமுறை போன இடம். எங்கே மணல் கெட்டி, எங்கே அடியில் இழுக்கும் என்பது எனக்கு மனப்பாடம். அவனுக்கு நீச்சல் தெரியாது. நான் தள்ளவில்லை சார். எங்கே நின்றால் நிறைய கிடைக்கும் என்று காட்டினேன், அவ்வளவுதான். "மாமா, கையைக் குடுங்கோ" என்றான். கையில் பாட்டில் இருந்தது. கீழே வைக்க நல்ல இடமாகத் தேடினேன். நிதானமாகத் தேடினேன்.

மாடியில் அழுவது அவன் மனைவி மதுவந்தி. கால் தவறி மூழ்கிவிட்டான் என்றுதான் நினைத்திருக்கிறாள்; நடந்ததை அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வாக்குமூலத்தை எழுதிக்கொண்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன். நீங்களும் அந்த மீனையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எந்த வகை என்று கேட்கிறீர்களா? உட்காருங்கள் சார், காபி போடுகிறேன். அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது, இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.