ஆடியிலும் ஏணி ஏறுகிறார்கள்

மடவேரி நகராட்சியின் தலைவர், இந்த மாலைக் கூட்டத்துக்கும் தலைமை தாங்கும் தையல்நாயகி அம்மையார் அவர்களே! பக்கத்தில் பையை மடியில் அணைத்தபடி அமர்ந்திருக்கும் ஆணையர் ஸ்ரீநிவாசராகவன் அவர்களே! விடியுமுன் எழுந்து வீதியைக் கூட்டிவிட்டு, இப்போதும் கால்கடுக்க நிற்கும் என் தாய்மார்களே! ஊர்ப் பெரியவர்களே! தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கிய கையோடு இங்கே ஒதுங்கியிருக்கும் ஆபீஸ் நண்பர்களே! தொழிலாளர் சங்கச் செயலாளன், உங்கள் சம்பந்தம், உங்கள் முன்னே தலைதாழ்ந்து நிற்கிறேன்.

நேற்று ஒரு கனவு கண்டேன். ஏன் ஜெயவேலு சிரிக்கிறாய்? சங்கத்துக்காரனுக்குக் கனவு வரக்கூடாதா? கேள்! பள்ளிக்கரணைச் சதுப்பின்மேல் பொழுது சாய்கிறது. நாணல் நடுவே நாரைகள் நிற்கின்றன. கோவிலம்பாக்கம் தொடங்கி நம் ஏரிக்கரை வரை தெருவிளக்குகள் ஒவ்வொன்றாய்க் கண் திறக்கின்றன. மஞ்சள் ஒளி, மெல்லிய ஒளி, மிதக்கும் ஒளி! கம்பம்தோறும் ஓர் ஏணி, ஏணிதோறும் ஒரு மனிதன். காற்று அடிக்கிறது, ஏணி அசைகிறது, ஆனால் ஒருவர் முகத்திலும் பயமில்லை. "இது எந்த ஊரப்பா?" என்று அண்ணாந்து கேட்டேன். மேலேயிருந்து ஒரு குரல்: "இன்னாண்ணா, நம்ம ஊருதாண்ணா." அது ஏசுபாதத்தின் குரல். விழித்துக்கொண்டேன், பிறகு தூக்கம் வரவில்லை.

யார் இந்த ஏசுபாதம்? நம் நகராட்சியின் தெருவிளக்குத் தொழிலாளி. இதோ, முன்வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருக்கிறார். சென்ற ஆடியில், கூழ் வார்க்கும் நாளில், அம்மன் கோவில் தெருவில் விளக்கு எரியவில்லை. "இன்னாப்பா இது, ஆத்தா இருட்டுலயா வருவா?" என்று தெருவே கேட்டது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர், நம் ஆத்தாளுக்காக ஏணியைத் தோளில் போட்டார். "த்தோ, ஒரு நிமிசத்துல போட்டுடறேன்" என்றார். போட்டும்விட்டார்! தெரு முழுக்கப் பால்போல வெளிச்சம். அப்போது வீசியது ஒரு காற்று. ஏணி சரிந்தது. இடுப்பெலும்பு முறிந்தது.

அன்றைக்குத்தான் தெரிந்தது, தொழிலாளர் விபத்துக்கான இன்சூரன்ஸ் அந்த நாளில் உயிரோடு இல்லை என்று! எந்த மாதம் போட்டாலும் அடுத்த ஆனியோடு முடிகிற பாலிசி அது. விட்ட இடத்திலிருந்து உடனே புதுப்பிக்க வேண்டும். மன்றத்தில் என்ன சொன்னார்கள்? "ஆடியில புதுசா ஒண்ணும் ஆரம்பிக்க வேணாம், ஆவணி பொறக்கட்டும், நல்ல நாள் பாத்துப் போட்டுக்கலாம்." கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. கல்யாணத்துக்குப் பார்க்கிற முகூர்த்தத்தை இன்சூரன்ஸுக்கும் பார்த்தார்கள்! ஆவணியில் மஞ்சள் தடவிக் கையெழுத்தும் போட்டார்கள். ஆனால் ஏசுபாதம் விழுந்தது ஆடியிலாயிற்றே! இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அப்படியானால் நஷ்டஈட்டை நகராட்சியே தரவேண்டும் என்கிறது சட்டம். அந்த ஃபைலோ மேஜைக்கு மேஜை இன்னும் வீதியுலா போய்க்கொண்டிருக்கிறது.

அவர் மனைவி செல்வமேரி ஆபீசுக்கு வந்தார். கத்தவில்லை, கதறவில்லை. "சார், ஆடின்னு கையெழுத்த தள்ளி வச்சீங்க, சரி. அவரை ஏணி ஏறச் சொல்லும்போது யாரும் ஆடின்னு சொல்லலியே சார்?" என்று கேட்டார். சுதந்திரத்துக்குப் பொன்விழா கொண்டாடி முடித்துவிட்டோமே, இன்றைக்காவது அந்தத் தாய்க்குப் பதில் சொல்ல வேண்டாமா?

நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது. புதுப்பிக்கும் தாள் ஆணையரின் பைக்குள் தயாராக இருக்கிறது. கையெழுத்தைத் தலைவர் அம்மாவின் பொறுப்பில் விட்டிருக்கிறது மன்றம். அம்மாவோ, இந்த வருடமும் ஆவணி என்கிறார்கள். இந்த ஆடியில் கம்பம் ஏறப்போகிறவர் குப்பன். வைகாசியில்தான் அவருக்குக் கல்யாணம் ஆனது, நீங்களெல்லாம் சாப்பிட்டீர்களே!

அம்மா, கைகூப்பிக் கேட்கிறேன். ஆத்தா திருவிழாவில் கையில் காப்புக் கட்டுகிறோமே, எப்போது? தீ மிதிப்பதற்கு முன்பா, பின்பா? என்ன சொல்கிறீர்கள், தாய்மார்களே? "முன்னாடி"யா? உரக்கச் சொல்லுங்கள், மேடைக்குக் கேட்கட்டும்! முன்னாடிதான்! அதுவும் ஆடியில்தான்! காப்பில்லாமல் ஒருவனை நெருப்பில் இறக்கமாட்டீர்கள். ஏணியில் மட்டும் எப்படி அம்மா ஏற்றுவீர்கள்? புதுப்பிப்பது புதிதாய்த் தொடங்குவதா? பிடித்த கையை விடாமல் பிடித்திருப்பது அம்மா! ஆடி வந்தால் அடுப்பை அணைத்துவிடுகிறோமா? ஆடி வந்தால் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிவிடுகிறோமா?

அடடா! மேடை விளக்கு போய்விட்டதே! யாரும் எழுந்திருக்க வேண்டாம். மைக்குக்கு பேட்டரி இருக்கிறது, எனக்குத் தொண்டை இருக்கிறது. அதோ, குப்பன் ஏணியோடு வந்துவிட்டார். கம்பத்தில் சாய்க்கிறார். காத்து அடிக்குது குப்பா, பாத்துப்பா! ஐயோ, ஏசுபாதம் ஏன் எழுந்திருக்கிறார்? ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு, ஏணியின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அம்மா, என்ன சொல்கிறீர்கள்? இந்தாருங்கள், மைக்.

"ஏ குப்பா! கால எடு, மேல ஏறாத! சார், அந்த பேப்பர எடுங்க. டார்ச் யார்கிட்ட கீது?"

அம்மா... ஆவணி?

"ஆவணி வரைக்கும் அந்தப் புள்ள ஏணிலயா நிப்பான்? குடுங்க இப்படி. செக்க நாளைக்கே கொண்டுபோய் கட்டிடுங்க."

மக்களே, டார்ச் வெளிச்சத்தில், ஆனி மாத மாலையில், அம்மா கையெழுத்துப் போடுகிறார்கள்! கைதட்டாதீர்கள், பேனா ஆடிவிடப்போகிறது. போட்டாயிற்று! இப்போது ஏறு குப்பா!

விளக்கு வந்துவிட்டது. என் கனவில் கண்ட அதே மஞ்சள் ஒளி. ஏசுபாதத்தின் ஃபைலுக்காகத் திங்கட்கிழமை காலையில் வருவேன் அம்மா, ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். தலைமைக்கும் தாய்மார்களுக்கும், சிரித்தாலும் கடைசிவரை நின்ற ஜெயவேலுவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கத்தை மட்டும் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். குப்பன் இன்னும் இறங்கவில்லை, ஏசுபாதம் இன்னும் ஏணியை விடவில்லை.

இறங்கிவிட்டார். வணக்கம்.