எழுதியாயிற்று

டீ போதும், இன்ஸ்பெக்டர். பிஸ்கெட் வேண்டாம், எனக்குச் சர்க்கரை.

நான் தனசிங். நாச்சாரம் தொழிற்பேட்டையில், நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்பு செய்கிற சிறிய கம்பெனியில் கெர்னல் எழுதுகிறேன். கெர்னல் என்றால் இயந்திரத்துக்குள் இருக்கும் மேஸ்திரி. மேலே ஓடும் நிரல் "இதை ஃபைலில் எழுது" என்று அழைக்கும். மேஸ்திரி எழுதிவிட்டு "எழுதியாயிற்று" என்று சொல்ல வேண்டும். அந்த அழைப்புகளைத் தர விதிப்படி வடிவமைப்பதுதான் என் உத்தியோகம். செகந்திராபாத் சர்ச்சில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், நான் சொல்லி முடிப்பதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிடுவார்கள்.

எங்கள் மெமரி சிப் மட்டமானது. எழுதி முடிக்கும்வரை பம்பு திணறியது. தரச் சோதனையோ, பதில் வருகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். ஆகவே எழுதுவதற்கு முன்பே "எழுதியாயிற்று" என்று சொல்ல வைத்தேன். எழுத்து பின்னால் சாவகாசமாக நடக்கும். சான்றிதழ் வந்தது. ஆபீஸில் கேக் வெட்டினார்கள். பெரிய துண்டு மேதைக்கு, அதாவது எனக்கு.

சோதனைப் பிரிவு ரக்ஷிதா மட்டும் கேக்கைத் தொடவில்லை.

"சார், நடுவுல பவர் கட் பண்ணா கடைசி டோஸ் பதிவே ஆகலை சார்."

"டெஸ்ட் பாஸ்தானே மா?"

"பாஸ்தான். பேஷன்ட்டுக்கு டெஸ்ட் தெரியாதே சார்."

"நக்கோ மா, அந்தக் கவலை வேணாம், ஆஸ்பத்திரில கரன்ட்டே போகாது," என்றேன். அன்று எங்கள் ஆபீஸிலேயே இரண்டு தரம் போயிருந்தது.

ஓர் ஆஸ்பத்திரியில் ஜுலைகா என்ற அம்மாளுக்கு ஆபரேஷன் முடிந்து எங்கள் பம்பில் வலி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. டோஸ் கொடுத்த கையோடு கரன்ட் போய் வந்தது. பம்பு விழித்துப் பார்த்தது, கொடுத்ததாகப் பதிவில்லை, மறுபடி கொடுத்தது. மூச்சு நின்றது. ரத்தத்தில் இரண்டு டோஸ், பம்பின் பதிவில் ஒன்று. மற்றதை நர்ஸ் சுமலதா ஊசியில் போட்டிருக்க வேண்டும் என்றார்கள். விசாரணைக்கு நிபுணராகப் போனது நான்தான். புதுக் கோட் தைத்துக்கொண்டேன். "பதிவில் ஒரு டோஸ்தான் இருக்கிறது" என்றேன்.

"நான் ஊசி போடலை சார். மிஷின்தான் குடுத்துச்சு," என்று சுமலதா என்னைப் பார்த்தே சொன்னாள்.

கோட் அக்குளில் பிடித்தது. அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் ஜெயிலுக்குப் போனாள்.

நானாக வந்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ரக்ஷிதா உங்களிடம் வந்த பிறகுதான் வந்தேன். ஜுலைகாவைக் கொன்றது நான் எழுதிய அழைப்பு. சுமலதாவை உள்ளே தள்ளியது என் வாய். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதே பம்புகள் இன்றைக்கும் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்தெந்த ஆஸ்பத்திரியில் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், எதையும் மறைக்கும் பழக்கம் எனக்கில்லை.