சேப்டி போட்டுத்தான் இருந்தது

டீயில் ஏலக்காயை முழுசாகப் போட்டிருக்கிறார்கள், முனியசாமி சார். ஒரு தட்டுத் தட்டிப் போட்டால்தான் மணம் இறங்கும். போடியில் இருந்துகொண்டு ஏலக்காய் டீ போடத் தெரியாதவர்களைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. குறை சொல்லவில்லை, குடிக்கிறேன்.

இன்ஸ்பெக்டராக இருந்தும் என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசுகிறீர்கள். அந்த மரியாதைக்காகவே நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். காலையில் வந்த வக்கீல், "மாப்பிள்ளையச் சுட்டது கோவத்துலன்னு சொல்லிரலாம்ணே. தங்கச்சி விசயம் மட்டும், கைகலப்புல தானா வெடிச்சிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தலை தப்பிச்சிரும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தையை நான் சொல்ல முடியாது. அதில் ஒரு தப்பு இருக்கிறது.

என் கைத்துப்பாக்கி உங்களுக்குத் தெரியாததல்ல. தேர்தல் வந்தால் உங்களிடம்தான் ஒப்படைப்பேன். போன தடவை திருப்பித் தரும்போது, "வந்ததுல உங்களுதுதாண்ணே சுத்தம்" என்று நீங்களே சொன்னீர்கள். சிலர் தங்கள் துப்பாக்கியைக் கோழித் தீவனத்தில் புரட்டி எடுத்த மாதிரி கொண்டுவருவார்கள். சேப்டியைச் சரியாகப் போடத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு, சார். பின்னால் இருக்கும் சுத்தி இழுபட்டு நிற்கும்போதுதான் அது மேலே ஏறும், ஏறிவிட்டால் விசையை அழுத்தினாலும் வெடிக்காது. சுத்தி படுத்திருந்தால் ஏறாது. ஏறாததை ஏற்றக்கூடாது. முரட்டுத்தனமாகத் தள்ளினால் உள்ளே இருக்கிற சின்னச் சின்ன சாமான்கள் வளைந்துபோகும். இவ்வளவுதான் விசயம். ஆனால் கையில் பொறுமை வேண்டும்.

சுருளிக்கு அது கிடையாது. செத்தவனைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள், ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். என் தங்கச்சி அனுசியாவுக்கு ராசிங்காபுரத்திலிருந்து நானே தேடிப் பிடித்த மாப்பிள்ளை அவன். எங்கள் வீட்டோடு இருக்க வேண்டும் என்று பேசித்தான் கட்டிக்கொடுத்தேன். அனுசியா சூதுவாது தெரியாதவள். பஸ்சில் ஆள் இடிக்கும் என்று அவளை நான் பஸ்சிலேயே ஏறவிட்டதில்லை. எங்கே போனாலும் நம் ஜீப்புதான், கூட நான்தான்.

இந்த ஆயுத பூஜைக்கு மலையில் நம் தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சாமி கும்பிட்டோம். கவாத்துக் கத்தி, மருந்தடிக்கும் மிஷின், தராசு, ஜீப்பு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியையும் வாழையிலையில் வைத்திருந்தேன். சுருளி சந்தனக் கிண்ணத்தோடு வந்து, கல்யாண வீட்டில் பூசுகிற மாதிரி அதன்மேல் அப்பிவிட்டான். மறுநாள் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சாமி காரியம்.

மறுநாள் நான் எடுக்குமுன் அவன் எடுத்திருக்கிறான். சேப்டியை மேலே தள்ளிப் பார்த்தால் ஏறவில்லை. சுத்தி படுத்திருந்தது, ஏறாது. அவனோ சந்தனம் காய்ந்து அடைத்துக்கொண்டது என்று நினைத்துக் குறட்டால் தட்டியிருக்கிறான்.

"சந்தனம் இறுகிப்போச்சு மச்சான். அதான் லேசா ஒரு தட்டு தட்டுனேன். இப்ப வளைஞ்சாப்புல தெரியுது" என்று சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தான்.

நான் சத்தம் போடவில்லை. சத்தம் போடுவது என் வழக்கமில்லை. அவன் உட்கார்ந்து சாப்பிடுகிறவரை துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அனுசியாதான் பேசினாள். "ஒரு இரும்புக்கா அண்ணே இம்புட்டு? மனுசன் சோறு திங்க வேணாமா?" என்றாள். அப்படியெல்லாம் பேசுகிற பிள்ளையே இல்லை அவள். அவன் பேச்சு அவள் வாயில் வந்தது.

மதுரைக்குப் பஸ்சில் கொண்டுபோய் வளைந்ததை மாற்றி, தோட்டா போட்டு, சேப்டியை ஏற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் வாசலில் ஜீப்பு நிற்கிறது. சட்டி பானை, மெத்தை, அவளுடைய தையல் மிஷின் எல்லாம் பாதி ஏறியிருந்தது. ராசிங்காபுரத்துக்குத் தனிக்குடித்தனம் போகிறார்களாம்.

"நானாத்தான் போறேன், அண்ணே. அவுக கூப்பிடல" என்றாள் அனுசியா. "இந்த வீட்ல எனக்கு மூச்சு முட்டுது. கோவிச்சுக்கிராதீக." சொல்லிவிட்டு மீதிச் சாமான் எடுக்க அடுப்படிக்குப் போனாள்.

அவன் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சுருளி பீரோவை நகர்த்தக் குனிந்திருந்தான். தூக்கி வந்த வழியில் அது கதவு நிலையில் இடித்துப் பச்சைப் பெயிண்ட் உரிந்திருந்தது. சேப்டியை இறக்கினேன், வெண்ணெய் மாதிரி இறங்கியது. முதுகில் சுட்டேன். அவன் பீரோவைக் கட்டிப்பிடித்தபடியே சரிந்தான். சுட்டதும் சுத்தி தானாகப் பின்னுக்குப் போய் நிற்கும், அப்போது சேப்டி சுலபமாக ஏறும். ஏற்றினேன். திறந்த சேப்டியோடு ஒரு அடிகூட நடக்கக்கூடாது. பக்கத்தில் போனேன். வாயில் ரத்தம் நுரைக்க, "மச்சான், அவள ஒண்ணும் செஞ்சுராதீக" என்றான். என்ன பேச்சு அது. நான் எதற்கு அவளை ஏதும் செய்யப்போகிறேன். மறுபடி இறக்கிக் காதுக்குப் பின்னால் சுட்டேன். மறுபடி ஏற்றினேன்.

அனுசியா ஓடிவந்தாள். அவன்மேல் விழுந்து எழுந்தபோது மார்பெல்லாம் ரத்தம். வக்கீல் சொல்லும் கைகலப்பு இதுதான். இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்து இழுத்தாள். குழாய் அவள் வயிற்றுக்கு நேரே இருந்தது. அவள் விரல் விசையிலும் பட்டது, அழுத்தவும் அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது. அதுதான் விசயம். நீங்கள் கைகலப்பில் வெடித்தது என்று எழுதினால், பாண்டித்துரை சேப்டி போடாத துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஆளோடு மல்லுக்கட்டினான் என்று ஆகும். என்னைத் தெரிந்த எவனும் அதை நம்பமாட்டான்.

அப்புறம் அவள் சேப்டியை நகத்தால் நெம்ப ஆரம்பித்தாள். கீழே இறக்க வேண்டியதை மேலே பார்த்து நெம்பினாள், அவன் மாதிரியே முரட்டுத்தனமாக. "விடு ஆத்தா, வளைஞ்சிரும்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அவரக் கொன்னுபுட்டு, வளைஞ்சிரும்ங்கறியே. நீ மனுசனாடா?" என்றாள்.

பிறந்ததிலிருந்து என்னை அவள் 'டா' போட்டதில்லை, சார். எனக்கு அது தாங்கவில்லை. ஆனாலும் நான் நிதானம் தவறவில்லை. அவள் விரல்களை வலிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். தோளைப் பிடித்து இரண்டடி தள்ளிச் சுவரோரமாக நிறுத்தினேன். அவள் ஓடவில்லை, அழவும் இல்லை. சேப்டியை இறக்கினேன். நெற்றியில் சுட்டேன். பிறகு சேப்டியை ஏற்றித் துடைத்து, நீங்கள் வந்து எடுக்கும்வரை ஜீப்பின் மெத்தைமேல் வைத்திருந்தேன்.

அவள் கைபட்டு வெடித்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் தங்கச்சிமேல் ஒரு சொல் விழ நான் என்றைக்கும் விட்டதில்லை.