உள்ளே ஆள் இல்லை

— மாமா, கதவு தொறக்க மாட்டேங்குது. கார்ட வச்சா 'உள்ளே ஆள் இல்லை'ன்னு எழுத்து ஓடுது. அப்ப நான் என்ன பேயா?

— எந்தக் கதவு மாப்ள?

— குடோன் கதவுதான். வேற எந்தக் கதவுல நீங்க உங்க கம்ப்யூட்டரக் கோத்துவிட்டிருக்கீங்க?

— குடோனுக்குள்ள இருந்தா பேசற? போன உள்ள கொண்டு போகக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது?

— கொண்டு வந்ததாலதான் பேசிட்டு இருக்கேன். திட்டுறத வெளிய வந்து வாங்கிக்கிறேன். முதல்ல தொறந்துவிடுங்க.

— ஒரு நிமிஷம் இரு. கார்டத் தொடச்சிட்டு வச்சுப் பாரு.

— தொடச்சும் வச்சாச்சு, சட்டையில தேச்சும் வச்சாச்சு. அதே பாட்டுதான் பாடுது.

— கதவுப் பக்கத்துல சிவப்புப் பொத்தான் இருக்குல்ல?

— அமுக்கினேன். அதயும் உங்க சர்வர்லதான மாட்டினீங்க? ஆளே இல்லாத எடத்துல எவன் அமுக்கப் போறான்னு அது கம்முன்னு இருக்கு.

— காலையில உள்ள வரும்போது கார்டு வச்சியா?

— வச்சேனே. வாசல்ல செருப்பக் கழட்டி, ரப்பர் பூட்ஸ் மாட்டி, கார்டு வச்சு, பச்ச லைட்டு எரிஞ்சப்பறம்தான் வந்தேன்.

— போச்சு.

— என்ன போச்சு?

— மத்தியானம் சர்வர ரீஸ்டார்ட் பண்ணினேன்.

— அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

— உள்ள யாரு இருக்கா, யாரு வெளிய போனாங்கற கணக்கு ஒரு டேட்டாபேஸ்ல இருக்கு. லினக்ஸ் சர்வர்ல அத ஏத்தினதே நான்தான். அது எல்லாத்தயும் மெமரியில மட்டும் வச்சிக்கும். நாம மனசுல வச்சிக்கிற மாதிரி. அதான் கார்ட வச்ச வேகத்துல கதவு தொறக்குது. ஆனா நிறுத்தி எழுப்பினா அத்தனையும் மறந்துடும், புரியுதா?

— எங்கயாவது எழுதி வைக்கச் சொல்லக் கூடாதா அத?

— சொல்லலாம். செட்டிங்ல ஒரே ஒரு வரி. சோதனை போட்ட அன்னிக்கு டிஸ்க்குல எழுதறேன் எழுதறேன்னு கதவு திணறுது, மேனேஜர் என் தோளுக்குப் பின்னாடி நின்னு உச்சுக் கொட்டுறாரு. அந்த வரிய அணைச்சேன். உடனே பறந்துச்சு. அவரும் தட்டிக் குடுத்துட்டுப் போனாரு. அப்பறம் போட்டுக்கலாம்னு விட்டேன்.

— அப்பறம்?

— அப்பறம் மறந்துட்டேன்.

— நீங்களும் உங்க மெஷினும் நல்ல ஜோடிதான். இது வர்றதுக்கு முன்னாடி வாட்ச்மேன் வாசல்ல கெடக்குற செருப்ப எண்ணிப் பாத்துட்டுத்தான் பூட்டுவாரு.

— அவரத்தான் நிறுத்தியாச்சே. இப்ப அதப் பேசி என்ன?

— மாமா, இன்னிக்கு வண்டு மருந்து விடற நாள் இல்ல?

— ஆமா. நாலு மணிக்கு. உள்ள கணக்கு சைபர்னா விஷப் புகை வால்வு தானாத் தொறந்துக்கும்.

— இப்ப கணக்கு என்ன?

— சைபர்.

— அய்யோ, மேனேஜருக்குப் போன் போடுங்க மாமா. நிறுத்தச் சொல்லுங்க. ஒருதடவ தொறந்துட்டா அத மூட முடியாது. வெளிய இருந்துகூட விடியற வரைக்கும் கதவு தொறக்காது.

— சொன்னா நிறுத்திடுவாரு. ஏன்னு கேப்பாரு. ரீஸ்டார்ட் பண்ணினதயே நான் அவர்கிட்ட சொல்லல. இன்னிக்கே என்னத் தூக்கிடுவாரு மாப்ள. உங்கக்கா நெறமாசமா இருக்கா. வேணும்னா சொல்லிடறேன். நீயே முடிவு பண்ணு.

— வேணாம். வேற வழி இருக்கா?

— உன் கார்டு நம்பர நானே கையால அதுல எழுதிடறேன். நீ உள்ள இருக்கறதா கணக்கு ஒண்ணாகும். ஒண்ணா இருக்குற வரைக்கும் மருந்து காத்திருக்கும். நீ வெளிய வந்து கார்டு வச்சதும் சைபராகி ஆரம்பிச்சிடும். ஒருத்தருக்கும் தெரியாது. நம்பரச் சொல்லு.

— நாலு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு. கடசி எழுத்து தேஞ்சு போயிருக்கு. எட்டு மாதிரி இருக்கு.

— மாதிரி வேணாம். சரியாப் பாரு.

— எட்டுதான். வெளிச்சத்துல பாத்துட்டேன்.

— சரி, போட்டுட்டேன். கணக்கு ஒண்ணு. ஒரு நிமிஷம், உள்ள வேற யாராவது இருக்காங்களா?

— கண்ணாடி இருந்தான்.

— யாரு, அந்த சோடாபுட்டியா?

— அவனேதான். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தோம். தலவலி மண்டயப் பொளக்குது, வீட்டுக்குப் போறேன்னு சாப்பாட்டுக்கு முன்னாடியே சொன்னான்.

— போனானா?

— சொன்னான். நான் மூட்ட அடுக்கிட்டு இருந்தேன், போனதப் பாக்கல. அவன் வெளிய கார்டு வச்சிருந்தா உங்க மெஷினுக்குத் தெரியாதா?

— அதுவும் அதுலதான் இருந்துச்சு. நீ ஒரு குரல் குடுத்துப் பாரு.

— டேய் கண்ணாடி. கண்ணாடீ. ம்ஹூம், இந்த ஃபேன் இரைச்சல்ல எனக்கே என் குரல் கேக்கல.

— போன் அடி.

— இருங்க. ரிங்கு போகுது, எடுக்கல. அவன் உங்க சட்டத்துக்குப் பயந்து போன வாசல்ல பெட்டியிலயே போட்டுட்டுத்தான் வருவான். இல்ல, வீட்டுல போனத் தள்ளி வச்சிட்டுப் படுத்திருப்பான். கோடி வரைக்கும் ஒரு சுத்து போயிப் பாத்துட்டு வரட்டா?

— மணி நாலாகப் போகுது. மருந்து நேரத்துக்கு ஆரம்பிக்கலன்னா மேனேஜர் ரூம்ல அலாரம் அடிக்கும். வந்து திரையப் பாத்தா நான் கையால போட்டது தெரிஞ்சிடும்.

— ஒரு எட்டுதான் மாமா.

— உனக்கென்ன, நீ போய்ப் பாத்துடுவ. நான் அவருக்கு என்ன பதில் சொல்றது? அவன் போயிருப்பான்ல?

— தலவலின்னா அவன் ஒரு நிமிஷம் நிக்க மாட்டான்.

— அப்பப் போயிருப்பான்.

— போயிருப்பான்.

— கார்ட வை.

— வச்சேன். பச்ச. தொறந்துடுச்சு மாமா. அப்பாடா, வெயில் மூஞ்சில அடிக்குது.

— பராக்குப் பாக்காத. வெளியப் பக்கமும் வை.

— வச்சிட்டேன்.

— சைபர். வால்வு தொறந்துடுச்சு. கதவும் பூட்டிக்கிச்சு. ராத்திரியே அந்த வரியப் போட்டுடறேன். உங்கக்காகிட்ட உளறிக் கொட்டிடாத.

— நான் ஏன் சொல்றேன்? இந்தப் பூட்ஸக் கழட்டி எறிஞ்சிட்டு செருப்ப மாட்டிட்டு நேரா வீட்டுக்குத்தான்.

— சரி, வை. சாயங்காலம் பாப்போம்.

— இருங்க மாமா, வச்சிடாதீங்க.

— மாப்ள? என்னாச்சு?

— கண்ணாடியோட செருப்பு இங்கயே கெடக்கு மாமா.